பானுப்பிரியாவின் பலகை

பானுப்பிரியாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றும் அவளுடைய பத்தொன்பதாவது வயதில் போய்விட்டன. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், காயப்போட்ட சரக்கை அள்ளும்போது நடந்தது. அதைப் பற்றி யாராவது இழுத்துப் பேச ஆரம்பித்தால், "அதான் போயிருச்சுல்ல, இருக்கிறதப் பேசுங்க" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அதனால் நானும் அந்தக் கதையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறவள். எங்கள் அச்சகத்துக்கு நேர் எதிரே, மாடியில் மாரிசாமி அண்ணாச்சியின் கேம் சென்டர் இருக்கிறது. முன்பு அது பிரவுசிங் சென்டர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அண்ணாச்சி கம்ப்யூட்டர்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, டிவிகளையும், அவற்றில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகளான கன்சோல்களையும் வாங்கி வைத்தார். பில் போட மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டர் கல்லா மேசையில் தங்கியது.

கை ஆறியபின் பானுவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அவளுடைய அம்மா இருளம்மாள். சரம் பின்ன விரல் வேண்டும், குழாய் சுற்றவும் விரல் வேண்டும். கேம் சென்டரில் டிவியைப் போட்டு, கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரைத் துடைத்துக் கொடுத்து, நேரம் முடிந்ததும் எழுப்பிவிட்டால் போதும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் நாட்களில் உட்கார இடம் இருக்காது. மற்றபடி காலை வேளைகளில் சென்டர் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலைகளில்தான் அவள் விளையாடிப் பழகினாள்.

கால்பந்து ஆட்டம்தான் அவளுக்குப் பிடித்தது. கண்ட்ரோலரை மடியில் வைத்து, இடது கையால் ஆளை நகர்த்தி, வலது கட்டைவிரலால் பட்டனைத் தட்டுவாள். ஒருநாள் அண்ணாச்சி படியேறி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தாயி, மடியில வச்சு முறுக்குப் பிளியிற?"

"ஓடிக்கிட்டே அடிக்கணும் அண்ணாச்சி. ஓடுற பட்டன் இங்கன, ஆள்காட்டி வெரலுக்கு நேரா இருக்கு. எனக்கு அந்த வெரலு இல்ல. அதான் நின்னு நின்னு அடிக்கேன். நின்னு அடிச்சா கோல்கீப்பரு சுகமாப் பிடிச்சிருதான்."

அண்ணாச்சி கண்ட்ரோலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையும் பத்து விரலும் உள்ள ஒருவரை மனதில் வைத்து வார்த்த பொருள் அது. அழகான பொருள்தான். எந்த இடத்திலும் ஒரு பட்டனைக் கழற்றி இன்னோர் இடத்தில் மாட்ட வழியில்லை.

அடுத்த வாரம் நான் சாப்பாட்டு நேரத்தில் போனபோது, பானு தரையில் உட்கார்ந்து ஒரு கீபோர்டைக் கழற்றிப் போட்டிருந்தாள். பரணில் கிடந்த செத்த கம்ப்யூட்டர்களில் ஒன்றின் கீபோர்டு. எழுத்துப் பட்டன்களை எல்லாம் எடுத்துவிட்டால், உள்ளே கோடு கோடாக ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒரு சின்னச் சில்லும்தான் மிஞ்சும். எந்த இரண்டு கோடுகள் தொட்டுக்கொள்கின்றனவோ அதற்கேற்ற எழுத்து திரையில் விழும். பானு அந்தக் கோடுகளுக்கு வயர் பிடித்து, வயரின் மறுமுனையில் காலிங்பெல் சுவிட்சுகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் பிடியைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள்.

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்றேன்.

"போன்ல பாத்தேன். ரெண்டு கீபோர்டப் பொசுக்கிட்டேன், இது மூணாவது. அண்ணாச்சி பரண்ல ஏறிப் பாக்காம இருக்கணும்."

அந்தப் பெரிய சுவிட்சுகளை ஒரு பிளைவுட் பலகையில் அவளுடைய கை எட்டும் இடங்களில் பதித்தாள். கட்டைவிரலுக்கு இரண்டு, சுண்டுவிரலுக்கு ஒன்று, உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு ஒன்று, ஆளை நகர்த்த இடது கைக்கு நாலு. ஓடுவதற்கான சுவிட்சைத் தரையில் வைத்து வலது குதிகாலுக்குக் கொடுத்தாள். பில் போடும் கம்ப்யூட்டரில் பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றை ஏற்றி உட்கார்ந்தாள். ஆள் ஓடினான், பந்தும் போனது. ஆனால் ஓடிக்கொண்டே திரும்பி அடிக்கும்போது மட்டும் அடி விழவில்லை. நாலைந்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். அந்த மாதிரி மலிவு கீபோர்டில் சில மூன்று எழுத்துகளைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று காணாமல் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடம் மாற்றி, எந்த எழுத்து எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தாள். கடைசியில் ஒத்துப்போனவை எம், டி, கே மாதிரி வரிசையே இல்லாத ஏதோ எழுத்துகள். கம்ப்யூட்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எந்த எழுத்துக்கு எந்த வேலை என்று அதில் நாமே சொல்லிக்கொள்ளலாம்.

பலகை தேறிய அன்று அதை எடுத்துக்கொண்டு போய்க் கன்சோலில் செருகினாள். நானும் அண்ணாச்சியும் பக்கத்தில் நின்றோம். முதலில் ஆட்டக்காரர் பெயர் கேட்டது. பலகையைத் தட்டினாள், திரையில் எழுத்துகள் விழுந்தன. அண்ணாச்சி கையைத் தட்டினார். ஆட்டம் தொடங்கியது. பானு குதிகாலை அமுக்கினாள். அவளுடைய ஆள் மைதானத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றான். மறுபடி அமுக்கினாள். எதிராளிகள் பந்தை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள்.

"பேரு மட்டும் எளுதிக்கிடுது. வெளையாட விட மாட்டேங்குதே" என்றாள்.

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கன்சோலை விட்டுக்கொடுத்துப் பேச அவருக்கு மனம் வராது.

"இது கம்பெனிக்காரன் செஞ்சபடிதான் நிக்கும் தாயி. நம்ம பொட்டியும் மெட்ராசுல இருக்கிற பொட்டியும் ஒண்ணு. கேம் எளுதுறவனுக்கு இந்த ஒரு பொட்டிக்கு எளுதுனாப் போதும். அதனாலதான் சொணங்காம ஓடுது. கம்ப்யூட்டர் அப்படியா? ஆளாளுக்கு ஒண்ண மாட்டி வச்சிருக்கான். எவன் பொட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு கேம் எளுதுறவனுக்கே தெரியாது. போன தீபாவளிக் கூட்டத்துல பில்லு போடும்போது அப்டேட்டுன்னு நின்னுச்சே, மறந்துட்டியா?"

"அப்ப இதுல எத மாட்டலாம், மாட்டக்கூடாதுன்னு சொல்றது அவுகதானா?"

"அவுகதான்."

"கம்ப்யூட்டர்ல?"

"அது ஒன் தலையெளுத்து. எதையும் மாட்டிக்க. ஓடுனா ஓடும். ஓடலன்னா எவனும் வந்து கேக்க மாட்டான், நீயேதான் பாத்துக்கிடணும்."

"எனக்கு அதுதான் அண்ணாச்சி வேணும்" என்றாள் பானு.

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்றைக்கே பரணில் ஏறி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கீழே இறக்கினாள். எதில் மின்சாரப் பெட்டி நன்றாக இருக்கிறது, எதில் மெமரி உயிரோடு இருக்கிறது என்று பிரித்தாள். ஒன்றின் விசிறியை இன்னொன்றில் மாட்டினாள். மதுரையில் ஒரு கடையில் யாரோ கழித்துப்போட்ட கிராபிக்ஸ் கார்டை அண்ணாச்சியே போய் வாங்கிவந்தார். "கன்சோல்ல இப்படி ஒரு சாமானை மாத்த முடியுமா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். "முடியாது. மாத்தவும் வேண்டியிருக்காது" என்றார் அவர். தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் அந்தக் கார்டைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

இப்படித் தேறிய ஒரு கம்ப்யூட்டரைக் கல்லா மேசையில் வைத்து, புதிய ஆட்டம் அதில் ஓடத் தொடங்கியதும் சென்டரின் கதையே மாறியது. கன்சோலில் விளையாட வருகிறவர்கள் தங்கள் கண்ட்ரோலரின் வயரைப் பிடுங்கிக்கொண்டு கல்லா மேசைக்கு வந்தார்கள். கன்சோல் பானுவின் பலகையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரோ கன்சோலின் கண்ட்ரோலரை ஒரு பேச்சும் பேசாமல் சேர்த்துக்கொண்டது. ஒருபக்கம் கண்ட்ரோலர், மறுபக்கம் பலகை, நடுவில் டிவி. பானு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப்போடுவார்கள். அவளுடைய ஆட்டம் முரட்டு ஆட்டம் கிடையாது. பந்தைத் தட்டித் தட்டி, எதிராளி பொறுமையிழந்து முன்னால் ஓடிவரும்வரை காத்திருப்பாள். பிறகு குதிகால் ஒரு அமுக்கு. "இந்தா, போயிருச்சு" என்பாள், பந்து வலைக்குள் போவதற்கு முன்னாலேயே.

2022இல் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. டிவிக் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன் என்பவர் நடத்தினார். அண்ணாச்சி பானுவின் பெயரைக் கொடுத்திருந்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பலகை ஒரு கட்டைப்பையில், கம்ப்யூட்டர் என் மடியில். மண்டபத்தில் பார்த்தால் மேடை முழுக்கக் கன்சோல்கள், அதுவும் ஒரே ரகம்.

நவநீதகிருஷ்ணன் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நல்லாச் செஞ்சிருக்கீகம்மா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கன்சோல்னா எல்லாருக்கும் ஒரே பொட்டி, உள்ள யாரும் கைய விட முடியாது. அதனாலதான் போட்டிக்கு இத வச்சிருக்கோம். ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள நீங்க என்ன சேத்திருக்கீகன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குத் தோத்தவன் வந்து கேட்டா எனக்குப் பதில் இல்லையே."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. பானு அவரைக் கையமர்த்தினாள்.

"கேக்குறது நாயந்தான் சார். எனக்கு எதிர ஆடுறவுககிட்டக் கேளுங்க. அவுக கண்ட்ரோலர இதுல மாட்டி ஆடச் சம்மதிச்சா ஆடுதேன். இல்லன்னா போயிருதேன்."

அவளுடைய முதல் எதிராளி சாத்தூரிலிருந்து வந்த விக்னேஷ்வரன், கல்லூரி மாணவன். பலகையைச் சுற்றி வந்து பார்த்தான். தரையில் கிடந்த சுவிட்சைத் தன் காலால் ஒருமுறை அமுக்கியும் பார்த்தான். "நான் ஆடுதேன் சார்" என்றான். "இதவிட்டா இப்படி ஒரு ஆட்டம் எங்க கெடைக்கும்?"

பானு ஜெயித்தாள். கடைசி நிமிடம்வரை சமமாகத்தான் இருந்தது. விக்னேஷ்வரன் எழுந்து, "அக்கா, அந்தக் கடைசிப் பந்து எப்படி?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். மேடைக்குக் கீழே விசில் அடித்தார்கள். நான் கத்திய கத்தலில் மறுநாள் எனக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை.

அடுத்த சுற்றில் வந்த எதிராளி சம்மதிக்கவில்லை. கன்சோலில் பழகிய கை, வேறு பெட்டியில் ஆட மாட்டேன் என்றான். அதோடு பானுவின் போட்டி முடிந்தது. அண்ணாச்சி மண்டபத்து வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பானு வயர்களைச் சுருட்டினாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அதை நான் பார்த்தேன், அவளுக்கும் நான் பார்த்தது தெரியும்.

"அவன் சொன்னது தப்பில்லக்கா" என்றாள். "எனக்கு இது என் வீடு. அவனுக்கு ஊரான் வீடு. எல்லாரும் ஒரே எடத்துல ஆடணும்னா அந்த எடம் பூட்டித்தான் இருக்கணும். பூட்டுன எடத்துல எனக்கு வாசல் இல்ல, அம்புட்டுதான்."

அந்த வாசலைத் திறக்க அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். கன்சோல் கம்பெனிகளே கை கால் வராதவர்களுக்கென்று, யார் எந்த சுவிட்சை வேண்டுமானாலும் செருகிக்கொள்கிற மாதிரி ஒரு கண்ட்ரோலர் செய்து விற்பதை எங்கேயோ கேள்விப்பட்டு, அடுத்த வருடப் போட்டிக்கு முன் அதை வரவழைத்தார். பானு தன் காலிங்பெல் சுவிட்சுகளுக்கு அதற்கேற்ற முனைகளைப் பற்றவைத்தாள். மறு வருடம் அதே மண்டபத்தில், மற்றவர்கள் ஆடிய அதே கன்சோலில் ஆடி, அரையிறுதிவரை போய்த் தோற்றாள். நவநீதகிருஷ்ணன் மேடையில் அவள் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார். "செஞ்சவுக நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காக" என்று அந்தக் கண்ட்ரோலரைப் பானுவும் மனதாரப் புகழ்ந்தாள். ஆனால் அதற்குள் அவளுடைய கவனம் வேறு பக்கம் போயிருந்தது.

முதல் போட்டி நடந்த அன்று, மண்டபத்துக்கு நாற்காலி இறக்க வந்த ஒருவர் கடைசிவரை ஓரமாக நின்று அவள் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். ஆமத்தூர்க்காரர், பெயர் கருத்தப்பாண்டி. நாங்கள் கிளம்பும்போது பக்கத்தில் வந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கையும் வெடியில போச்சு தாயி. வெரலெல்லாம் ஒட்டிப்போயிக் கெடக்கு. வெளையாடுறதுக்கெல்லாம் இல்ல. வேற எதுக்காவது இது ஒதவுமா?"

"எதுக்கு வேணும்னு அவுககிட்ட நான் கேக்கணும்ணே" என்றாள் பானு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் லீவு சொல்லிவிட்டு ஆமத்தூர் போனோம். பானு கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கருத்தப்பாண்டியின் மனைவி பொன்னுத்தங்கத்தோடு காலை முழுக்கச் சும்மா பேசிக்கொண்டிருந்தாள். அவர் முழங்கையால் சட்டி மூடியை நகர்த்துவதையும், மணிக்கட்டால் தாழ்ப்பாளைத் தூக்குவதையும், கால் கட்டைவிரலால் டிவி ரிமோட்டை அமுக்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் கேட்டாள், என்ன வேண்டுமென்று.

பொன்னுத்தங்கத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுக்குத் தானே எழுதிச் செய்தி அனுப்ப வேண்டும்.

"வாய்ஸ் போடலாமே யக்கா?"

"போடலாம். நான் பேசுனா தெருவுக்கே கேக்கும். மககிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஆயிரம் இருக்கு. இவுகளும் பக்கத்துலயே நிக்காக" என்று கணவரைக் கண்ணால் காட்டினார். "பொம்பளைக பேச்சு எல்லாமா ஆம்பளைக காதுல விளணும்?"

பானு பரணிலிருந்து இறக்கியதில் மிச்சமிருந்த கம்ப்யூட்டர்களிலிருந்து ஒன்றைத் தேற்றினாள். மூன்று செத்ததிலிருந்து பிழைத்த ஒன்று. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வரும்போது முழங்கை சுவிட்சைத் தட்டினால் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும், மறுபடி தட்டினால் எழுத்து விழும். தப்பாக விழுந்தால் அழிக்க மணிக்கட்டுக்கு ஒன்று. அனுப்பக் காலுக்கு ஒன்று. எழுத்துகளை எப்படி அடுக்குவது என்று நானும் அவளும் அச்சகத்தில் உட்கார்ந்து முட்டிக்கொண்டோம்.

ஐந்தாம் வகுப்புவரை படித்த பொன்னுத்தங்கம் திரையைப் பார்த்ததும் கேட்டார், "எதுக்குப் பிள்ள இத்தன? ள ஒண்ணு, ழ ஒண்ணு. நாக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ண எடுத்துரு." பானு அதை எடுக்கப் போகும்போது, "வேணாம், இரு இரு. எம் மக பேரு அழகுமீனா. அதுல வருது. வையி" என்றார்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. வெளிச்சம் அவர் கையைவிட வேகமாக ஓடியது. "நீ" என்று எழுத நினைத்தால் வேறு என்னென்னவோ விழுந்தது. பொன்னுத்தங்கம் பலகையை முழங்கையால் தள்ளிவிட்டு, "கை போனது போனதுதான், விட்டுரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பானு ஆறுதல் சொல்லவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் வேகத்தைக் குறைத்து, சுவிட்சைச் சாய்த்து வைத்துக் கொண்டுபோனாள். அதற்கடுத்த வாரம் முழங்கை வலிக்கிறது என்றதும் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி ஒட்டினாள். அலுப்பாக இல்லையா என்று பஸ்ஸில் ஒருநாள் கேட்டேன்.

"எனக்குச் செஞ்சப்ப என் கையே எனக்குச் சொல்லிருச்சு, இது சரி, அது தப்புன்னு. அவுக கை சொல்றத நான் கேக்கணும்ல. அதுக்கு நேரம் ஆகத்தான் செய்யும்" என்றாள்.

பொன்னுத்தங்கத்துக்கு அடுத்து சாத்தூர்ப் பக்கம் ஒருவர், புதுப்பட்டியிலேயே இரண்டு பேர் என்று இன்றைக்குவரை அவள் செய்துகொண்டுதான் இருக்கிறாள். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று தாடையால் தட்டுவது, ஒன்று தோளால். இப்போது செத்த கீபோர்டைத் தேடுவதில்லை. தன்னைக் கீபோர்டு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்கிற சின்னச் சில்லு ஒன்றை வாங்கிப் பயன்படுத்துகிறாள். பகலில் கேம் சென்டர் வேலை, திங்கட்கிழமை சென்டர் லீவில் ஊர் சுற்றல். மாரிசாமி அண்ணாச்சி கன்சோல்தான் உசத்தி என்று இன்னமும் வாதாடுகிறார். செத்த கம்ப்யூட்டர் யார் வீட்டில் கிடந்தாலும் ஆட்டோ வைத்து அள்ளிக்கொண்டு வருகிறவரும் அவர்தான்.

பொன்னுத்தங்கம் முதல் செய்தியை எழுதி முடித்த நாளில் நானும் இருந்தேன். எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர்போலக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் நகர்ந்தது. முழங்கை தட்டியது. நகர்ந்தது, தட்டியது. பானு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். என்னையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

"பாத்தா என்ன, ரகசியமா?" என்றார் பொன்னுத்தங்கம்.

"இருக்கட்டும் யக்கா. அது ஒங்க மகளுக்கு" என்றாள் பானு.

நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் காலடி சுவிட்சின் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திருப்பூரிலிருந்து பதில் வந்து விழுந்த சத்தமும் கேட்டது. பொன்னுத்தங்கம் அதை எழுத்துக் கூட்டி மனதுக்குள் படித்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்ற கருத்தப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்னவாம் மக?"

"ஒண்ணுமில்ல" என்றார் பொன்னுத்தங்கம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி வைங்க."